தேரிக்காட்டுக்கும் வெள்ளத்துக்கும் ஒரு வயர்லெஸ்: வாங்கவும் வண்டியில் மாட்டவும் சில குறிப்புகள்

சாயர்புரத்தில் செல்போன் இல்லாத வீடு கிடையாது. ஆனால் வண்டியைத் தார்ச்சாலையை விட்டு இறக்கி, கிழக்கே பழையகாயல் உப்பளங்களுக்கு நடுவிலோ, ஆற்றைத் தாண்டித் தெற்கே குதிரைமொழித் தேரி என்னும் செம்மணல் மேடுகள் பக்கமோ கொஞ்ச தூரம் போய்விட்டால் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். முன்னால் போன ஜீப் செம்மணலில் புதைந்து நிற்பது பின்னால் வரும் வண்டிக்குத் தெரியாது.

இது வண்டி ஓட்டும் ஆர்வம் உள்ளவர்களின் பிரச்சினை மட்டும் அல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பக்கத்தில் யார் மறப்பார்கள்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர். ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் தீவாயின. செந்தூர் எக்ஸ்பிரஸில் வந்த சுமார் 800 பேர் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். மின்சாரம் போனது, டவர்களும் அடங்கின. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சொந்தக்காரர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் தவித்த வீடுகள் ஏராளம். ஜீப், பொலேரோ, டிராக்டர் வைத்திருக்கிற வீடுகளில் ஒரு ஜோடி வயர்லெஸ் இருப்பது நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன். சட்டப்படி வாங்கி, முறையாக மாட்டி, பேசப் பழகியும் இருந்தால்தான் அது உதவும்.

1. கடைக்குப் போகும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். யாரோடு பேசப் போகிறீர்கள்? முன்னும் பின்னுமாகப் போகிற இரண்டு வண்டிகளுக்குள் பேசவா, தேரிக்குள்ளிருந்து வீட்டோடு பேசவா? முன்னதற்குக் கையடக்கமான வாக்கி டாக்கி போதும். பின்னதற்கு வேறு வழி தேட வேண்டும். இரண்டையும் ஒரே செட் செய்யும் என்று விற்பனையாளர் சொன்னால் நம்பாதீர்கள்.

2. இந்தியாவில் எந்த வாக்கி டாக்கியையும் வாங்கிப் பேசிவிட முடியாது. உரிமம் தேவைப்படாத அலைவரிசை 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்தப் பட்டைக்குள் மட்டுமே இயங்கும் குறைந்த சக்தி செட்டுகளுக்கு 2018-இல் வந்த மத்திய அரசு விதிகள் விலக்கு அளிக்கின்றன. ஐரோப்பாவிலும் இதே பட்டைதான் புழக்கத்தில் இருக்கிறது. முதல் முறை வாங்குகிற குடும்பத்துக்கு இதைத்தான் சொல்வேன்.

3. பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். "446" என்ற எண் இருக்க வேண்டும். இ.டி.ஏ. எனப்படும் கருவி ஒப்புதல் இருக்கிறதா என்று கேளுங்கள். அதைத் தருவது மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு. பெட்டியில் "136–174, 400–520" என்று அகலமான வரம்பு போட்டிருந்தால் அது உரிமம் வேண்டிய செட். விலை குறைவாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். இப்படிப்பட்ட செட்டுகள் இணையக் கடைகளில் எந்த விவரமும் இல்லாமல் விற்கப்பட்டதால்தான், 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதற்கென்றே தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. விற்கிறவர் அலைவரிசையையும் உரிமம் வேண்டுமா என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த விவரம் இல்லாத பொருளை வாங்க வேண்டாம்.

4. வெளிநாட்டில் இருக்கும் மச்சானோ மருமகனோ ஆசையாக வாங்கிவரும் ஜோடி செட் நம் வீடுகளுக்கு வருவதுண்டு. அமெரிக்காவில் குடும்பங்கள் பயன்படுத்துவது 462, 467 மெகாஹெர்ட்ஸ். ஆஸ்திரேலியாவில் காட்டுப் பாதையில் ஓட்டுபவர்கள் எல்லாரும் வைத்திருப்பது 477 பக்கத்துப் பட்டை. அங்கே அது சட்டப்படி சரி. இங்கே அந்தப் பட்டைகளுக்கு விலக்கு இல்லை. அன்பாகத் தந்ததை வாங்கி அலமாரியில் வையுங்கள், பேட்டரி போடாதீர்கள். ஊருக்கு வருமுன் கேட்டால், "446 பார்த்து வாங்கி வா" என்று சொல்லிவிடலாம்.

5. தூத்துக்குடிப் பக்கம் இன்னொரு ஆசையும் வரும்: படகுக்கு வைக்கிற வி.எச்.எஃப். செட்டை ஜீப்பில் மாட்டினால் என்ன? கூடவே கூடாது. கடல் வி.எச்.எஃப். கடலுக்கு உரியது. அதில் 16-ஆம் சேனல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்தில் இருக்கும் படகு உதவி கேட்கும் சேனல். தேரியிலிருந்து நாம் அரட்டை அடித்தால் அங்கே ஒரு உயிரின் குரல் மறைந்துபோகலாம். 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குக் கரையிலிருந்து எச்சரிக்கை எட்டாமல் போனதை இந்தக் கடற்கரை பார்த்திருக்கிறது. அந்தச் சேனலின் அருமை நமக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? அனுமதி இல்லாத சாட்டிலைட் போனும் அப்படியே. துரையா, இரிடியம் போன்களை அனுமதியின்றி நாட்டுக்குள் வைத்திருப்பதே குற்றம். கண்காணிப்பு மிகுந்த மன்னார் வளைகுடாக் கரையில் அது பெரிய வம்பில் கொண்டுபோய் விடும்.

6. 27 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் பொதுமக்கள் பட்டை என்று ஒன்று உண்டு. 5 வாட் வரை, நிபந்தனைகளோடு, உரிமம் தேவையில்லை. ஆனால் அதன் அலைநீளம் 11 மீட்டர்; கால் பங்கு ஆன்டெனா கூட இரண்டரை மீட்டருக்கு மேல் போகும். பனைகளுக்கு நடுவே அதைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது நடக்காத காரியம். விட்டுவிடலாம்.

7. "10 கிலோமீட்டர் எட்டும்" என்று அட்டையில் போட்டிருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். தரையிலிருந்து ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்த வாக்கி டாக்கிக்கு அது 5 கிலோமீட்டர். 10 மீட்டர் மேட்டின் மேல் ஏறி நின்றால் கிட்டத்தட்ட 14. இது தடையே இல்லாத வெட்டவெளிக்கான கணக்கு. அரை வாட் சக்தியில், மணல் மேடும் உடைமரமும் பனையும் குறுக்கே நிற்கிற இடத்தில், ஒன்றிரண்டு கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிது. வண்டிக்குள் உட்கார்ந்து பேசினால் தகரம் இன்னும் குறைக்கும். பேச்சு கேட்கவில்லையென்றால் சக்தி அதிகமான செட்டைத் தேடாதீர்கள். வண்டியை விட்டு இறங்கி, பக்கத்து மேட்டில் ஏறி நின்று, செட்டை நிமிர்த்திப் பிடித்துப் பேசுங்கள்.

8. அதற்கு மேல் தூரம் வேண்டும், வண்டியில் நிரந்தரமாக ஒரு செட் வேண்டும் என்றால் நேர்மையான வழி ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலி. 12 வயது நிரம்பியவர் யாரும் தேர்வு எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலைகள்; முதல் நிலைக்கு மோர்ஸ் தேவையில்லை. அடிப்படை மின்னியலும் விதிகளும்தான் பாடம். பிளஸ் டூ அறிவியல் படித்த பிள்ளைக்கு இது எட்டாத கனி அல்ல. உரிமம் வந்ததும் உங்களுக்கென்று ஓர் அழைப்புக் குறி கிடைக்கும். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை வண்டிச் செட் வைத்துப் பேசலாம். உரிமத்தில் வண்டியில் வைத்து இயக்குவதும் அடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மறுமுனையில் பேசுகிறவரும் உரிமம் உள்ளவராக இருக்க வேண்டும். உப்பு லாரி எங்கே வருகிறது, கூலி எவ்வளவு என்ற வியாபாரப் பேச்சு இதில் கூடாது.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது அந்தமானில் தொலைபேசி அறுந்து கிடந்த நேரத்தில், ஹாம் ரேடியோவில் பேசுவதற்காக அங்கே போயிருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணியும் அவர் குழுவினரும் போர்ட் பிளேரிலிருந்து வெளியுலகத்துக்குச் செய்தி அனுப்பினார்கள். வீட்டில் ஒருவர், அது மகளாகவும் இருக்கட்டும், இந்தத் தேர்வை எழுதி வைப்பது ஊருக்கே நல்லது.

9. செட் தேர்வு செய்யும்போது சேனல் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். 446 பட்டையில் இருப்பதே 16 சேனல்கள்தான். "121 சேனல்" என்று போட்டிருந்தால் அது துணைக் குறியீடுகளை எண்ணிச் சொன்ன கணக்கு. அந்தக் குறியீட்டைப் போட்டால் அடுத்தவர் பேச்சு நம் காதில் விழாது, அவ்வளவுதான். நம் பேச்சை யாரும் கேட்கலாம். வீட்டு நகை, வங்கி விவரமெல்லாம் வயர்லெஸ்ஸில் பேசாதீர்கள்.

10. பார்க்க வேண்டியவை வேறு. ஐபி67 என்றால் தூசு உள்ளே போகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் பிழைக்கும். தேரியின் மாவு மாதிரியான செம்மண்ணுக்கும் வெள்ளத்துக்கும் அது வேண்டும். சத்தம் கூட்டும் திருகு, தடவிப் பார்த்தே திருப்பும்படி பெரிதாக இருக்கட்டும். கடைகளில் கிடைக்கும் சாதாரண பேட்டரி செல் போட்டும் ஓடுகிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது. கரண்டு இல்லாத நாட்களில் அதுதான் கைகொடுக்கும்.

11. 446 செட்டின் ஆன்டெனாவைக் கழற்றி நீளமானதை மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது கழற்ற முடியாதபடி செய்யப்பட்டதற்குக் காரணமே விதிதான். இனி வரும் மாட்டும் வேலைகள் உரிமம் பெற்ற வண்டிச் செட்டுக்கானவை.

12. ஆன்டெனாவுக்குச் சிறந்த இடம் கூரையின் நடு. சுற்றியுள்ள தகரம் அதற்கு அடித்தளமாக வேலை செய்து, பேச்சை நாலா பக்கமும் சமமாக அனுப்பும். ஓரத்தில் வைத்தால் எதிர்ப்புறம் மட்டும் நன்றாகப் போகும். 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை ஆன்டெனா வெறும் அரை மீட்டர்தான். இந்தப் பகுதிக்கு நீளம் குறைந்ததே போதும். பனங்காட்டுப் பாதையில் தாழத் தொங்கும் ஓலையின் கருக்கு நீளமான ஆன்டெனாவை அடியோடு வளைத்துவிடும். அடியில் ஸ்பிரிங் வைத்ததாக வாங்கினால் இடித்தாலும் சாய்ந்து நிமிரும்.

13. கூரையில் ஓட்டை போட மனமில்லையா? காந்த அடி போதும். வைக்கும் முன் கூரையை ஈரத் துணியால் துடையுங்கள். இடையில் நாலு மணல் துகள் மாட்டினாலும் குலுக்கலில் பெயின்டை அரைத்துவிடும், அந்த இடத்தில் உப்புக் காற்று துருவைத் தொடங்கிவைக்கும். வீடு திரும்பியதும் எடுத்து உள்ளே வையுங்கள். ஃபைபர் கூரையில் காந்தம் ஒட்டாது.

14. கித்தான் கூரை போட்ட ஜீப் என்றால் கூரையை மறந்துவிட்டு, பானட் ஓரத்திலோ பின்பக்கமோ இரும்புப் பட்டை வைத்து மாட்டுங்கள். ஆன்டெனாவின் அடிப்பகுதி வண்டியின் உடலோடு உலோகம் படத் தொட வேண்டும். திருகு இறுக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டுத் தொடவைத்து, மேலே கிரீஸ் பூசுங்கள்.

15. மின் இணைப்பில்தான் நம் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். 50 வாட் வண்டிச் செட், பேசும்போது 10 முதல் 12 ஆம்பியர் இழுக்கும். சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் ஃப்யூஸ் போகும், அல்லது துளை சூடாகி உருகும். பேட்டரியிலிருந்தே நேரடியாக இரண்டு வயர்களும் வர வேண்டும். வயரின் குறுக்களவு 4 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும். அதில் 4 மீட்டர் தூரம் போய்த் திரும்பினாலும் மின்னழுத்தம் அரை வோல்ட்டுக்குள்தான் குறையும். வீட்டு ஃபேனுக்குப் போடும் ஒன்றரை சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் ஒரு வோல்ட்டுக்கு மேல் போய்விடும். செட் கேட்கும், ஆனால் பேச அழுத்தியதும் அணைந்து அணைந்து எரியும்.

15 ஆம்பியர் ஃப்யூஸை பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் வையுங்கள். செட்டுக்குப் பக்கத்தில் வைத்த ஃப்யூஸ் செட்டைக் காப்பாற்றும், நடுவில் வயர் உரசித் தீப்பிடித்தால் வண்டியைக் காப்பாற்றாது. இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் தகரத் துளையில் ரப்பர் வளையம் போடாமல் வயரை விடாதீர்கள்; அந்த வளையத்தின் விலை சில ரூபாய்தான். எலக்ட்ரீஷியன் வேலை முடித்ததும் இந்த இரண்டு இடங்களையும் நீங்களே குனிந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

16. லாரியிலும் பெரிய வண்டியிலும் இருப்பது 24 வோல்ட். அங்கே மாற்றி வைக்காமல் 12 வோல்ட் செட்டை இணைத்தால் அந்த நொடியே போய்விடும்.

17. செட்டையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கேபிள் 50 ஓம் வகையாக இருக்க வேண்டும். டிவி கேபிள் 75 ஓம், அதைப் போடாதீர்கள். மெலிந்த ஆர்ஜி-58 கேபிளில் 5 மீட்டருக்கே ஐந்தில் ஒரு பங்கு சக்தி கரைந்துபோகும். மிச்சக் கேபிளைச் சுருட்டி இருக்கைக்கு அடியில் போடாமல் தேவைக்கு வெட்டச் சொல்லுங்கள்.

18. நம் ஊர்க் காற்றுக்கு ஒரு தனிக் குறிப்பு. உப்பளக் காற்று பட்ட கனெக்டரை ஒரு மழைக்காலம் கழித்துத் திருகிக் கழற்றிப் பாருங்கள். வெளியே பளபளப்பு அப்படியே இருக்கும். உள்ளே நடு ஊசியைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். கேபிளின் பின்னல் கம்பி கறுத்து, விரலால் தேய்த்தால் பொடியாக உதிரும். அந்த நிலையில் செட் வேலை செய்வதுபோலவே தோன்றும், பேச்சு மட்டும் அடுத்த தெருவைத் தாண்டாது. பலர் செட்டைக் குறை சொல்லிப் புதிதாக வாங்குவது இதனால்தான். மாட்டும்போதே கனெக்டர் மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதற்கு மேல் சாதாரண மின் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். தண்ணீர் வழிந்து ஓடும், உள்ளே இறங்காது. கடற்கரை போய் வந்த அன்றே ஆன்டெனாவை நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடையுங்கள்.

19. மாட்டி முடித்ததும், ஆன்டெனாவிலிருந்து சக்தி திரும்பி வருகிறதா என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றரைக்குக் கீழே இருந்தால் நன்று. இரண்டு வரை பொறுக்கலாம். மூன்றைத் தொட்டால் பேசாமல் நிறுத்திவிட்டு இணைப்பைச் சரிபார்க்க வேண்டும், இல்லையென்றால் செட் சூடாகிக் கெடும்.

20. இன்ஜின் வேகத்தோடு கூடிக் குறையும் "ஙீ" என்ற சத்தம் வந்தால் அது ஆல்டர்னேட்டர். பேட்டரியிலிருந்து நேரடி வயர் போட்டாலே பெரும்பாலும் அடங்கும். இடைவிடாத இரைச்சல் என்றால் மலிவான போன் சார்ஜரையும் கூடுதலாகப் போட்ட எல்.இ.டி. விளக்கையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

21. செட்டை ஏர்பேக் விரியும் இடத்தில் மாட்டாதீர்கள். முழங்காலில் இடிக்காத இடமாக, வெயில் நேராகப் படாத இடமாகப் பாருங்கள். மைக் பக்கத்து இருக்கைக்காரர் கைக்கு எட்டட்டும். ஓட்டுபவர் ஓட்டட்டும், பேசுவது அடுத்தவர் வேலை.

22. பேசும் முறையைப் பழகுங்கள். பொத்தானை அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேச வேண்டும். இல்லையென்றால் முதல் சொல் விழுங்கப்படும். மைக்கை வாயிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் பிடியுங்கள். கத்தினால் தெளிவு போகும். யாரைக் கூப்பிடுகிறீர்களோ அவர் பெயரை முதலில், உங்கள் பெயரைப் பிறகு சொல்லுங்கள். முடித்ததும் "ஓவர்".

23. தமிழில் பேசும்போது ஒரு சிக்கல் உண்டு. இரைச்சலில் "ஒண்ணு", "மூணு" இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். "ஒன்று", "மூன்று" என்று நிறுத்திச் சொல்லி, இன்னொரு முறையும் சொல்லுங்கள். "வலது", "இடது" என்பதும் பாதி காதில் விழுந்தால் குழப்பும். இந்தப் பக்கத்தில் யாருக்கும் கடல் இருக்கும் திசை தெரியும்; "கடல் பக்கம் திரும்பு", "மேற்கே திரும்பு" என்றால் தப்பே வராது. சின்னப் பிள்ளைக்கும் வீட்டுப் பாட்டிக்கும் இதைச் சொல்லிக் கொடுத்து, இரண்டு முறையாவது பேசவிட்டுப் பழக்குங்கள்.

24. தேரிக்குள் வண்டியை இறக்கும் முன் அது யார் இடம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குதிரைமொழித் தேரியில் காப்புக்காடும் உண்டு. வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. ஆடிக்காற்றில் மணல் இடம் மாறும் என்பதால் போன வருடப் பாதையை நம்ப வேண்டாம். வீட்டில் ஒருவரிடம் எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வயர்லெஸ் இருக்கிறது என்பதற்காக இதை விட்டுவிடக் கூடாது.

25. வெள்ள நேரத்துக்கு ஒரு ஏற்பாடு: சொந்தக்காரர், அண்டை வீட்டார் மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரே வகை 446 செட் வாங்குங்கள். ஒரு சேனலைப் பேசி முடிவு செய்து, செட்டின் பின்னால் எழுதி ஒட்டுங்கள். கரண்டு போன நாளில் செட்டை நாள் முழுக்க ஓட விடாமல், ஒவ்வொரு மணி நேரத் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் மட்டும் திறந்து வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். பேட்டரி பல நாள் வரும். யார் மொட்டை மாடி உயரமோ அவர் நடுவில் நின்று ஒருவர் சொன்னதை அடுத்தவருக்குச் சொல்லட்டும். ஒரு கிலோமீட்டர் எட்டும் செட்டுகள் இப்படித்தான் இரண்டு கிலோமீட்டருக்குப் பயன்படும்.

26. பயன்படுத்தாத மாதங்களில் கையடக்கச் செட்டின் பேட்டரியைக் கழற்றி, பாதி சார்ஜில் நிழலான இடத்தில் வையுங்கள். டாஷ்போர்டு வெயிலில் விட்டால் ஒரே கோடையில் உப்பிவிடும்.

27. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன், செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லாச் செட்டுகளையும் எடுத்து, சார்ஜ் ஏற்றி, ஒருவர் ஊர் எல்லையிலும் ஒருவர் வீட்டு மாடியிலும் நின்று பேசிப் பாருங்கள். எங்கே கேட்கிறது, எங்கே கேட்கவில்லை என்று ஒரு தாளில் குறித்து, காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டி வையுங்கள். இந்த வருடமே தொடங்குங்கள்.